ஃபேன்டசி கிரிக்கெட்: முதல் அணியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: பல வருடங்களாகக் கிரிக்கெட் பார்த்து வருகிறேன். வீரர்களைப் பற்றி நன்றாகத் தெரியும். ஆனால் ஃபேன்டசி கிரிக்கெட் ஆடியதில்லை. நண்பர்கள் நடத்தும் லீக்கில் இந்த முறை என்னையும் சேர்த்திருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

உண்மையான ஆட்டத்தில் ஆடும் வீரர்களை வைத்து நாமே ஓர் அணி போடுவதுதான் ஃபேன்டசி கிரிக்கெட்; அவர்கள் களத்தில் செய்வதற்கு ஏற்ப நம் அணிக்குப் புள்ளி கிடைக்கும். கிரிக்கெட்டை ஆழ்ந்து ரசிப்பவர்கள்தான் இதில் முதல் மாதம் அதிகம் தடுமாறுகிறார்கள். நானும் அப்படித்தான் தடுமாறினேன். ஆட்டத்தில் எது பெரியது என்று நமக்குத் தெரியும். அதனால் அதற்கே அதிகப் புள்ளி கிடைக்கும் என்று நம்பிவிடுகிறோம். எதற்கு எத்தனை புள்ளி என்று சொல்லும் புள்ளி அட்டவணைக்கு ஆட்டத்தின் அழகும் தெரியாது, நெருக்கடியும் தெரியாது. என்ன நடந்தது, எத்தனை முறை நடந்தது என்பதை மட்டுமே அது எண்ணும்.

2024 டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன்கள் தேவை. முதல் பந்தை டேவிட் மில்லர் தூக்கி அடிக்க, எல்லைக் கோட்டின் விளிம்பில் சூர்யகுமார் யாதவ் பிடித்த கேட்சை யாரும் மறந்திருக்க முடியாது. கோப்பையையே கையில் கொடுத்த கேட்ச் அது. வழக்கமான ஃபேன்டசி அட்டவணையில் அதன் மதிப்பு 8 புள்ளிகள். பயிற்சி ஆட்டத்தில் மிட் ஆஃபில் நின்று சுலபமாகப் பிடிக்கும் கேட்சுக்கும் அதே 8தான். இதை மனதில் பதித்துக்கொண்டால், பிறகு சொல்லப்போவது எல்லாம் எளிதாகப் புரியும்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பு. ஓர் உண்மையான போட்டியில் மோதும் இரண்டு அணிகளிலிருந்தும் கலந்து 11 வீரர்களைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். விக்கெட் கீப்பர், பேட்டர், ஆல்ரவுண்டர், பந்துவீச்சாளர் என்று நான்கு பிரிவுகள். ஒவ்வொன்றிலிருந்தும் குறைந்தபட்சம் ஒருவராவது வேண்டும். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கிரெடிட் என்பார்கள். பெரும்பாலும் மொத்தம் 100 கிரெடிட்டுக்குள் பதினொருவரையும் அடக்க வேண்டும். ஒருவரைக் கேப்டனாகவும் இன்னொருவரைத் துணை கேப்டனாகவும் குறிக்க வேண்டும். கேப்டன் எடுக்கும் புள்ளிகள் இரண்டு மடங்காகும், துணை கேப்டனுடையது ஒன்றரை மடங்காகும். ஆட்டம் தொடங்கியதும் அணி பூட்டப்படும். அதன்பின் எதையும் மாற்ற முடியாது.

ஃபேன்டசி ஆட்டத்தை நடத்தும் செயலியை அல்லது இணையதளத்தைத் தளம் என்கிறேன். புள்ளி அட்டவணை ஒவ்வொரு தளத்திலும் வேறுபடும். ஒரே தளத்திலும் வருடத்துக்கு வருடம் மாறும். டி20 ஆட்டங்களுக்குப் பரவலாகப் பயன்பட்ட ஒரு முறையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். ஒரு ரன்னுக்கு 1. ஃபோர் அடித்தால் கூடுதலாக 1, சிக்ஸர் அடித்தால் கூடுதலாக 2. அரைசதத்துக்கு 8. டக் அவுட்டுக்கு 2 புள்ளிகள் கழிக்கப்படும். விக்கெட்டுக்கு 25, அது போல்டாகவோ எல்பிடபிள்யூவாகவோ இருந்தால் மேலும் 8. மூன்று விக்கெட் எடுத்தால் 4 கூடுதல். கேட்சுக்கு 8, நேரடியாக ஸ்டம்பில் எறிந்து ரன் அவுட் செய்தால் 12. குறைந்தது 10 பந்துகள் ஆடிய பேட்டருக்கு ஸ்ட்ரைக் ரேட்டும், குறைந்தது 2 ஓவர்கள் வீசியவருக்கு எகானமியும் கணக்கில் வரும். சிறப்பாக இருந்தால் 6 புள்ளிகள் வரை கூடும், மோசமாக இருந்தால் 6 வரை குறையும்.

இந்த அட்டவணையை அதே இறுதி ஆட்டத்தின் ஸ்கோர் கார்டில் பொருத்திப் பார்ப்போம். நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எப்போதும் இப்படித்தான் தொடங்குவேன். விராட் கோலி 59 பந்துகளில் 76 ரன்கள், 6 ஃபோர், 2 சிக்ஸர். 76, 6, 4, அரைசதத்துக்கு 8. மொத்தம் 94. அவரது ஸ்ட்ரைக் ரேட் 128.8; 130லிருந்துதான் கூடுதல் புள்ளி தொடங்கும் என்பதால் அதில் எதுவும் இல்லை. ஹெய்ன்ரிக் கிளாசன் 27 பந்துகளில் 52 ரன்கள், 2 ஃபோர், 5 சிக்ஸர். 52, 2, 10, 8, அதிவேக ஸ்ட்ரைக் ரேட்டுக்கு 6. பேட்டிங்கில் மட்டும் 78. அவர் ரோகித் சர்மாவையும் சூர்யகுமாரையும் கேட்ச் பிடித்திருந்தார், அதற்கு 16. அவருக்கும் மொத்தம் 94! ஆட்டநாயகன் விருது பெற்றவரும் தோற்ற அணியில் இருந்தவரும் ஃபேன்டசியில் சமம்.

பந்துவீச்சைப் பாருங்கள். ஜஸ்பிரீத் பும்ரா 4 ஓவர்களில் 18 ரன்கள் கொடுத்து 2 விக்கெட். இரண்டுமே போல்டு. 50, 16, எகானமிக்கு 6, ஆக 72. அக்சர் படேல் 4 ஓவர்களில் 49 ரன்கள் வாரிக் கொடுத்தார். அன்றைய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அவரது ஓவர்களை நினைத்தாலே பெருமூச்சு விடுவார்கள். ஆனால் அவர் பேட்டிங்கில் 31 பந்துகளில் 47 ரன்கள், ஒரு ஃபோர், 4 சிக்ஸர் அடித்திருந்தார். டிரிஸ்டன் ஸ்டப்ஸைப் போல்டும் செய்தார். ஸ்ட்ரைக் ரேட்டுக்கான 4ஐயும் சேர்த்து பேட்டிங்கில் 60, விக்கெட்டுக்கு 33, எகானமிக்குக் கழிவு 6. மொத்தம் 87. பும்ராவைவிட 15 அதிகம்.

அன்று சிறப்பாகப் பந்துவீசியவர் பும்ராவா அக்சரா என்று கேட்டால் எந்த ரசிகரும் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டார். ஃபேன்டசி கேட்கும் கேள்வியே வேறு. அதில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன்: ஆட்டத்தின் எத்தனை பந்துகள் இந்த வீரரின் கை வழியாகப் போகும்? அக்சர் 24 பந்துகள் வீசினார், 31 பந்துகள் ஆடினார். 55 பந்துகளில் அவருக்குப் பங்கு இருந்தது. அதே அணியில், அதே ‘ஆல்ரவுண்டர்’ என்ற பெயரோடு ரவீந்திர ஜடேஜாவும் ஆடினார். அவர் வீசியது ஒரே ஓவர், ஆடியது 2 பந்துகள். எடுத்தது 2 ரன்கள். எட்டுப் பந்துகளில் எவ்வளவு பெரிய வீரரும் என்ன செய்துவிட முடியும்?

பெயரையும் புகழையும் தள்ளி வைத்துவிட்டு, பந்துகளை எண்ணிப் பழகுங்கள். டி20யில் ஓர் இன்னிங்ஸுக்கு 120 பந்துகள். தொடக்க ஆட்டக்காரர்கள் இருவருக்கும் மூன்றாவதாக வருபவருக்கும்தான் அதிகப் பந்துகள் ஆடும் வாய்ப்பு இருக்கிறது. அதோடு முதல் 6 ஓவர்களான பவர்பிளேயில் வட்டத்துக்கு வெளியே இரண்டு ஃபீல்டர்களே நிற்கலாம் என்பதால் ஃபோர்களும் எளிதாக வரும். நான்காவதாக வருபவர் பரவாயில்லை. ஐந்து, ஆறு என்று கீழே இறங்க இறங்க, அவர்கள் புள்ளி எடுக்க முதலில் மேலே உள்ளவர்கள் அவுட்டாக வேண்டும். கடைசி மூன்று ஓவர்களில் சிக்ஸர் மழை பொழியும் ஃபினிஷரைக் காண்பது கண்ணுக்கு விருந்து. ஆனால் பல ஆட்டங்களில் அவருக்கு ஒன்றிரண்டு ஓவர்களுக்கு மேல் கிடைக்காது. புதியவர்கள் அணியில் இப்படி இரண்டு மூன்று ஃபினிஷர்களாவது இருப்பார்கள். முதலில் நீக்க வேண்டியது அவர்களைத்தான்.

பந்துவீச்சாளரிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பேட்டர் முதல் பந்திலேயே அவுட்டானால் அன்றைய கதை முடிந்தது. பந்துவீச்சாளரின் முதல் ஓவரில் 15 ரன்கள் போனாலும் இன்னும் மூன்று ஓவர்கள் அவருக்கு மிச்சமிருக்கும். நான்கு ஓவர்களையும் முழுதாக வீசக்கூடியவர் யார், எந்தக் கட்டத்தில் வீசுவார் என்று பாருங்கள். புதிய பந்தில் இரண்டு ஓவர்கள், கடைசியில் இரண்டு ஓவர்கள் வீசுபவர் என் அணியில் எப்போதும் இருப்பார். புதிய பந்து ஸ்விங் ஆகும்போது போல்டும் எல்பிடபிள்யூவும் வரும். நம் அட்டவணையில் அதற்குத் தனிப் பரிசு உண்டு. கடைசி ஓவர்களில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சுழற்றுவதால் சாதாரணப் பந்துக்கும் விக்கெட் விழும். ரன் போகுமே என்று தயங்காதீர்கள். ஒரு விக்கெட் 25 புள்ளிகள், மிக மோசமான எகானமிக்குக் கழிவோ 6தான். நடு ஓவர்களில் இறுக்கமாக வீசி விக்கெட் எடுக்காமல் போகும் சுழற்பந்து வீச்சாளர் அவரது கேப்டனுக்குப் பொக்கிஷம், உங்களுக்கு அவ்வளவாகப் பயன்பட மாட்டார். எதிரணி அவரைத் தாக்கியே ஆக வேண்டிய நிலைமை வரும் நாளில் மட்டும் கணக்கு மாறும்.

கீப்பரைப் பற்றி நீண்ட ஆலோசனை தேவையில்லை. மேல்வரிசையில் ஆடுபவரை எடுங்கள். அந்த இறுதி ஆட்டத்தில் தொடக்க ஆட்டக்காரராக வந்த குயின்டன் டி காக், அடித்த 39 ரன்கள் போக, ஒரு கேட்சும் ஒரு நேரடி ரன் அவுட்டுமாகக் கையுறை வழியாகவே 20 புள்ளிகள் சேர்த்தார்.

‘ஃபார்ம்’ பற்றி ஓர் எச்சரிக்கை. கோலி அந்தத் தொடரில் இறுதி ஆட்டத்துக்கு முன் 7 இன்னிங்ஸில் மொத்தமே 75 ரன்கள்தான் எடுத்திருந்தார். அதில் இரண்டு டக். சமீபத்திய ஸ்கோர்களை மட்டும் பார்த்து அணி போடுபவர் அவரை நீக்கியிருப்பார். ஆனால் அவர் தொடக்க ஆட்டக்காரராகவே இறங்கினார், இறங்கும் இடம் மாறவில்லை, திறமை எங்கும் போய்விடவில்லை. டி20யில் ஏழு இன்னிங்ஸ் என்பது மிகச் சிறிய அளவு; நல்ல பேட்டருக்கும் அத்தனை முறை தொடர்ந்து கை கொடுக்காமல் போகலாம். நான் ஃபார்மைப் பார்ப்பதே இல்லை என்று சொல்லவில்லை. எப்படி அவுட்டானார், காயத்திலிருந்து மீண்டு வருகிறாரா, பேட்டிங் வரிசையில் கீழே தள்ளப்பட்டிருக்கிறாரா என்று பார்க்கிறேன். கடைசி மூன்று ஸ்கோர்களை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை.

அந்த ஆட்டத்தில் இந்தியா 34 ரன்களுக்கு 3 விக்கெட்டை இழந்தபோது அக்சரை ஐந்தாவதாக இறக்கினார்கள். அதை முன்கூட்டி யாரும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. இப்படிப்பட்ட திருப்பங்கள் ஃபேன்டசியில் எப்போதும் இருக்கும்; இதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரியது என்பதை முதல் நாளே ஒப்புக்கொண்டு தொடங்குங்கள். நாம் செய்யக்கூடியது, அதிர்ஷ்டம் வந்தால் கதவைத் திறந்து வைத்திருக்கும் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதுதான்.

கேப்டன் தேர்வுக்கு வருகிறேன். மற்ற பத்து முடிவுகளையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாத ஆட்டங்கள் உண்டு. கோலி, அக்சர், சூர்யகுமார், ரிஷப் பந்த் நால்வரும் உங்கள் அணியில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கோலியைக் கேப்டனாகவும் அக்சரைத் துணை கேப்டனாகவும் போட்டிருந்தால் கூடுதலாகக் கிடைப்பது 94, 43.5. அதாவது 137.5. சூர்யகுமார் அன்று 3 ரன்களும் 2 கேட்ச்களுமாக 19 புள்ளிகள் எடுத்தார். பந்த் டக் அவுட், 2 கேட்ச், ஆக 14. இவர்களைக் கேப்டனாகவும் துணை கேப்டனாகவும் போட்டிருந்தால் கூடுதல் வெறும் 26. பதினொருவரும் அதே ஆட்கள், வித்தியாசம் 111.5 புள்ளிகள். ஒரு சதம் அடித்தவரை அணியில் சேர்க்காமல் விட்டதற்குச் சமம் இது.

எனவே கேப்டனுக்கு ஒரே கேள்வி: ஆட்டத்தில் இரண்டு வழிகளில் புள்ளி எடுக்க முடிந்தவர் யார்? முதல் நான்கு இடங்களுக்குள் பேட்டிங் செய்து, மூன்று நான்கு ஓவர்களும் வீசுபவர் இருந்தால் வேறு யாரையும் தேட வேண்டாம். அப்படி ஒருவர் இல்லையென்றால் தொடக்க ஆட்டக்காரர். ஆடுகளம் பந்துவீச்சுக்கு நன்றாக உதவும் நாளில் மட்டும், நான்கு ஓவர்களும் உறுதியாக வீசும் விக்கெட் வேட்டைக்காரர். மனதுக்குப் பிடித்தவர் என்பதற்காக யாரையும் கேப்டனாக்காதீர்கள். அணியில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவே போதும்.

கிரெடிட் கணக்கில் குழம்ப வேண்டாம். நூறைப் பதினொன்றால் வகுத்தால் ஓர் ஆளுக்கு 9 சொச்சம் வரும். பத்தரை கிரெடிட் விலையுள்ள நான்கு நட்சத்திரங்களை எடுத்தால் 42 போய்விடும். மீதி ஏழு பேரை 58க்குள், சராசரியாக 8.3க்குள் பிடிக்க வேண்டும். குறைந்த விலையில் அதிகப் பந்துகள் யாரிடம் இருக்கின்றன என்று தேடுவதில்தான் உங்கள் கிரிக்கெட் அறிவு உண்மையாகவே கை கொடுக்கும். புதிதாகத் தொடக்க ஆட்டக்காரராக உயர்த்தப்பட்ட இளைஞர், காயமடைந்தவருக்குப் பதிலாகப் புதிய பந்தைக் கையிலெடுக்கும் வேகப்பந்து வீச்சாளர் போன்றவர்களின் விலை சில ஆட்டங்களுக்காவது பழைய நிலையிலேயே இருக்கும். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த வேலை இந்தத் தேடல்தான். உள்நாட்டுப் போட்டிகளின் ஸ்கோர் கார்டுகளைப் பொறுமையாகப் படிப்பவர்களுக்கு இது தனி இன்பம்.

அடுத்து டாஸ். இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தியே சொல்வேன். டி20 ஆட்டங்களில் பெரும்பாலும் ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் முன்பு டாஸ் போடுவார்கள், ஆடும் லெவனும் அப்போதுதான் தெரியவரும். அந்த அரை மணி நேரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். என் முதல் தொடரில் ஒரு நாள் காலையிலேயே அணியைப் போட்டுவிட்டு வேறு வேலையில் மூழ்கிவிட்டேன். மாலையில் பார்த்தால் என் பதினொருவரில் இருவர் ஆடவே இல்லை, அதில் ஒருவர் என் துணை கேப்டன். ஒன்பது பேரை வைத்துக்கொண்டு எந்த லீக்கிலும் மேலே வர முடியாது. டாஸ் நேரத்தில் உட்கார முடியாத நாட்களில், இடம் உறுதியான வீரர்களை மட்டுமே வைத்து அணி போடுங்கள்; சந்தேகமான ஒருவரும் வேண்டாம்.

ஐபிஎல் ஆட்டங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 2023 முதல் ‘இம்பாக்ட் பிளேயர்’ விதி இருப்பதால், முதலில் பந்துவீசும் அணி தன் முக்கியமான பேட்டரை ஆடும் லெவனில் வைக்காமல் மாற்று வீரர் பட்டியலில் வைத்திருந்து, தன் இன்னிங்ஸில் இறக்கும். பெயர் லெவனில் இல்லையே என்று அவசரப்பட்டு நீக்கிவிடாதீர்கள். மாற்று வீரர் பட்டியலையும் பாருங்கள், உங்கள் தளம் இம்பாக்ட் பிளேயருக்கு எப்படிப் புள்ளி தருகிறது என்பதையும் விதிகளில் படித்துவிடுங்கள். அப்படி வருபவர் ஃபீல்டிங் புள்ளிகளை இழப்பார் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆடுகளத்தையும் மைதானத்தையும் பற்றி ஊரில் எல்லோரும் பேசுவார்கள். நான் கொஞ்சமாகவே நம்புகிறேன். சேப்பாக்கம் சுழலுக்குக் கை கொடுத்து வந்த மைதானம், பெர்த் பந்து எகிறும் இடம், பெங்களூரு சின்னசாமியில் எல்லைக் கோடு கிட்டத்தில், மெல்போர்னில் சதுரத் திசையில் எல்லை வெகு தூரம். இவை உண்மைதான். ஆனால் ஒரே மைதானத்தில் பல ஆடுகளங்கள் வரிசையாக இருக்கும். இன்று பயன்படுவது புதியதா, ஏற்கெனவே ஆடித் தேய்ந்ததா என்பதைப் பொறுத்துக் கதையே மாறும். டாஸ் நேரத்தில் வர்ணனையாளர்கள் ஆடுகளத்தைப் பார்த்துச் சொல்வதைக் கேளுங்கள், அதே தொடரில் அங்கே நடந்த முந்தைய ஆட்டத்தின் ஸ்கோரைப் பாருங்கள். அதற்கு மேல் ஆராய வேண்டாம். இரவு ஆட்டங்களில் பனி இறங்கும் என்றால், இரண்டாவதாகப் பந்துவீசும் அணியின் சுழற்பந்து வீச்சாளருக்குப் பந்து வழுக்கும். அவரைக் கேப்டனாக்கும் எண்ணத்தை விட்டுவிடலாம்.

மழை வரும் போலிருந்தால் கணக்கு ஒரே பக்கம் சாயும். ஓவர்கள் குறைந்தால் ஒரு பந்துவீச்சாளர் வீசக்கூடிய அதிகபட்ச ஓவர்களும் குறையும், நான்காவது ஐந்தாவது பேட்டர் களமிறங்காமலே ஆட்டம் முடியலாம். தொடக்க ஆட்டக்காரர்களை அதிகப்படுத்துங்கள்.

உங்கள் லீக்கில் எத்தனை பேர் என்பதும் அணியை மாற்றும். பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் மட்டும் ஆடுகிறீர்கள் என்றால், எல்லோரும் எடுக்கும் உறுதியான வீரர்களையே நீங்களும் எடுங்கள். பிறர் சறுக்கும்போது நீங்கள் சறுக்காமல் இருந்தாலே மேலே வருவீர்கள். ஆயிரக்கணக்கானோர் ஆடும் பெரிய போட்டியில் எல்லோரையும் போலவே அணி போட்டால் கூட்டத்தின் நடுவில்தான் நிற்பீர்கள்; அங்கே பலரும் கவனிக்காத ஓரிருவரைத் துணிந்து எடுக்க வேண்டும். ஓரிருவர் மட்டும். ஏழு பேரை அப்படி எடுப்பது துணிச்சல் ஆகாது, கண்மூடித்தனம். இன்னொன்று: ஒரே அணியில் ஒரு பந்துவீச்சாளரையும் அவரை எதிர்த்து ஆடும் மூன்று மேல்வரிசை பேட்டர்களையும் சேர்த்தால், ஒருவரின் வெற்றி மற்றவர்களின் தோல்வியாகிவிடும். ஆட்டம் எந்தப் பக்கம் போகும் என்று மனதில் ஒரு சித்திரம் வரைந்து, அதற்கு ஏற்றபடி அணியைக் கோத்துப் பாருங்கள்.

நண்பர்களின் லீக் ஒரு முழுத் தொடருக்கானதாக இருந்தால், அங்கே வேறொரு வளம் வருகிறது: வீரர்களை மாற்றும் வாய்ப்பு. ஐபிஎல் போன்ற தொடரில் ஒவ்வோர் அணிக்கும் லீக் சுற்றில் 14 ஆட்டங்கள். உங்களுக்குக் கிடைப்பதோ எண்ணி வைத்த மாற்றங்கள். முதல் வாரமே பதறிப் பதறி மாற்றியவர்கள் கடைசி வாரங்களில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். தொடரின் ஆட்ட நாள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஒரு வாரத்தில் எந்த அணிக்கு அதிக ஆட்டங்கள் என்று பார்த்து, அந்த அணிகளிலிருந்து ஆட்களை எடுங்கள். ஒருநாள் ஆட்டங்களுக்கும் டெஸ்டுக்கும் புள்ளி அட்டவணை வேறு, ஆனால் பந்துகளை எண்ணும் பழக்கம் அங்கேயும் அப்படியே பொருந்தும். ஒருநாள் ஆட்டத்தில் ஒருவர் 10 ஓவர்கள் வீசலாம் என்பதால் அங்கே பந்துவீச்சாளரின் எடை இன்னும் கூடுகிறது.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணையவழி விளையாட்டுகள் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்தது. திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டை அது பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் கட்டணப் போட்டிகளை நிறுத்தி, இலவசப் போட்டிகளுக்கு மாறின. எனவே “நூறு ரூபாய் கட்டினால் லட்சம்” என்று யாராவது ஒரு செயலியின் இணைப்பை அனுப்பினால் தொடவே தொடாதீர்கள். வேறு நாட்டில் இருந்தால் அந்த நாட்டுச் சட்டத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். “உறுதியாக வெல்லும் அணி” என்று விற்பவர்களையும் நம்பாதீர்கள். ஒருவர் பல பேருக்குப் பல விதமான அணிகளை அனுப்பினால் அதில் ஏதோ ஒன்று வெல்லத்தான் செய்யும். வென்றதை மட்டும் எல்லோருக்கும் காட்டுவார். நான் சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பணம் உள்ளே வந்ததும், கிரிக்கெட் பார்க்கும் மகிழ்ச்சி முதலில் வெளியே போவதை நெருங்கியவர்களிடமே கண்டிருக்கிறேன். இலவச லீக்கிலேயே இந்த விளையாட்டின் எல்லாச் சுவையும் இருக்கிறது.

இனி செய்முறை. லீக் தொடங்க இன்னும் நாட்கள் இருந்தால், மூன்று ஆட்டங்களுக்கு ஒரு நோட்டில் அணி எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு எண்கள்: இவர் எத்தனை பந்துகள் ஆடுவார், எத்தனை பந்துகள் வீசுவார் என்ற உங்கள் மதிப்பீடு. ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் கார்டைப் பார்த்து உண்மையான எண்களைப் பக்கத்தில் எழுதுங்கள். புள்ளிகளை அப்போது கூட்ட வேண்டாம். பந்துகளைச் சரியாக மதிப்பிட்டும் புள்ளி வராமல் போயிருந்தால் அந்த வீரரை அடுத்த ஆட்டத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முடிவு சரிதான். பந்துகளையே தவறாக மதிப்பிட்டிருந்தால் ஏன் என்று பாருங்கள். பேட்டிங் வரிசை மாறியதா, கேப்டன் அவரிடம் பந்தைக் கொடுக்கவில்லையா, பெயரைப் பார்த்து ஏமாந்தோமா? மூன்றாவது ஆட்டத்துக்குள் உங்கள் மதிப்பீடு எந்த இடத்தில் வழக்கமாகத் தவறுகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அதன்பிறகு நண்பர்களின் லீக்கில் முதல் அணியைப் போடுங்கள், டாஸுக்குப் பிறகு.